ஆறு மாதம், மூன்று கருவிகள்: நிலவின் அடிமண்ணைப் படிக்க எதை எடுப்பது?

"எது அதிக ஆழம் போகும், மேடம்?"

கேட்டவன் காசிமேட்டுப் பையன். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அவனிடமிருந்து கேள்வி வேறு எப்படி வரும்?

அவனோடு சேர்ந்து திட்டப்பணி செய்யப்போகிறவள் கொருக்குப்பேட்டைக்காரி. ரயில்வே கேட் திறக்கக் காத்திருந்து காத்திருந்து நேரத்தின் விலையைக் கற்றுக்கொண்டவள். "எதை மே மாதத்துக்குள் முடிக்க முடியும்?" என்பது அவளுடைய கேள்வி.

இரண்டும் நியாயமான கேள்விகள்தான். எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி ஆண்டு. டிசம்பரில் தலைப்பைக் கொடுக்கவேண்டும், மே மாதம் அறிக்கையைத் தைத்துக் கொடுக்கவேண்டும். எங்கள் ஆய்வகத்தில் கணினிகள் ஆறு. அவற்றில் ஓடுபவை நான்கு. இணையம் காலை எட்டரைக்கு நன்றாக இருக்கும், பத்து மணிக்கு மேல் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் போலச் சொட்டும். நிலவின் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ரேடியோ அலையும் நுண்ணலையும் கொண்டு பார்த்த தரவுகளோ இந்தியா, ஜப்பான், சீனா, அமெரிக்கா என்று நான்கு நாடுகளின் தளங்களில் இலவசமாகக் குவிந்து கிடக்கின்றன. இலவசம் என்பதற்காக எல்லாவற்றையும் அள்ள முடியாது. ஒன்றைத்தான் எடுக்க முடியும். வடசென்னைக் கல்லூரி ஒன்றில் இந்தத் தலைப்பில் சில ஆண்டுகளாக மாணவர்களை மேய்த்துவருகிறவள் என்ற முறையில், அந்த ஒன்றை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று எழுதுகிறேன். ஒருமுறை தவறாகத் தேர்ந்து சூடுபட்ட கதையும் இதில் உண்டு.

முதலில் ஆழத்தின் கதை. பையனின் அப்பா படகில் மீன் பார்க்கும் எக்கோ சவுண்டர் இருக்கிறது. அதில் 50 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள். 200-ஐப் போட்டால் கரையோரக் கடலில் மீன்கூட்டத்தின் விளிம்பு துல்லியமாகத் தெரியும். ஆழத்துக்குப் போனதும் திரை வெறுமையாகிவிடும். 50-க்கு மாற்றினால் கடலடித் தரையிலிருந்து எதிரொலி வரும். ஆனால் படம் அப்பிவைத்தது போல இருக்கும். நிலவிலும் இதே பேரம்தான். அலை நீண்டால் ஆழம் கூடும், நுணுக்கம் குறையும்.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கடலில் ஒலியை அனுப்புகிறோம், ஏனென்றால் உப்புநீருக்குள் ரேடியோ அலை உயிரோடு இருக்காது. காசிமேட்டு ஈரமணலில்கூட 24 செ.மீ. நீள அலை சில சென்டிமீட்டர் போவதற்குள் அடங்கிவிடும். அதே அலை நிலவு மண்ணில் சில மீட்டர் இறங்கும். அங்கே ஈரமும் இல்லை, உப்பும் இல்லை. நொறுங்கிய பாறைத்தூள் மட்டும். நுண்ணலை கொண்டு அடிமண்ணைப் படிப்பது என்ற துறையே இந்த வறட்சியின் மேல்தான் நிற்கிறது.

எவ்வளவு இறங்கும் என்பதற்கு மனக்கணக்கு ஒன்று இருக்கிறது: அலைநீளத்தைப் போல ஏறத்தாழப் பத்திலிருந்து இருபது மடங்கு. இரும்பும் டைட்டேனியமும் கலந்த இல்மனைட் கனிமம் மிகுந்த இடங்களில், அதாவது அமைதிக் கடல் போன்ற கருஞ்சமவெளிகளில், மண் அலையை அதிகம் விழுங்கும், ஆழம் குறையும். வெளிர்நிற மேட்டு நிலங்களில் கூடும். இந்தக் கணக்கில் 8 மில்லிமீட்டர் அலை ஒரு சாணைத் தாண்டாது. 10 செ.மீ. அலை ஒன்றிரண்டு மீட்டர் போகும். சந்திரயான்-2 பயன்படுத்தும் 24 செ.மீ. அலை இரண்டிலிருந்து ஐந்து மீட்டர். ஜப்பானின் ககுயா கலம் அனுப்பிய 60 மீட்டர் அலையோ பல நூறு மீட்டருக்குக் கீழே இருந்து எதிரொலி கொண்டுவந்தது.

கரும்பலகையில் இதை எழுதி முடித்ததும் பையன் முகம் மலர்ந்தது. "அப்படியானால் ஜப்பான்தான், மேடம்."

ஆசை புரிகிறது. ககுயா 2007 செப்டம்பரில் ஏவப்பட்டது. முனைக்கு முனை 30 மீட்டர் நீண்ட இரண்டு ஆன்டெனாக்களை விரித்துக்கொண்டு, 5 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளைக் கீழே தட்டியது. கருஞ்சமவெளிகளில் சில நூறு மீட்டர் ஆழத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்திருப்பதும், இரண்டு அடுக்குக்கு நடுவே பழைய மண் புதைந்திருப்பதும் அதில் தெரிந்தன. அதற்கும் முன்னோடி 1972 டிசம்பரில் பறந்த அப்போலோ 17. அதன் தாய்க்கலத்தில் இருந்த ஆழம் பார்க்கும் ரேடார் 60, 20, 2 மீட்டர் அலைகளை அனுப்பி, எதிரொலியைப் படச்சுருளில் பதிந்தது. திரும்பும் வழியில் ரான் எவன்ஸ் விண்வெளியில் வெளியே தவழ்ந்து போய் அந்தச் சுருளைக் கழற்றி உள்ளே எடுத்துவந்தார். தரவிறக்கம் என்பதை உடம்பால் செய்த காலம் அது.

ஆனால் இந்தத் தரவைக் கையில் எடுத்தால் இரண்டு இடத்தில் முட்டிக்கொள்வோம். ஒன்று, எதிரொலி நமக்குக் கொடுப்பது நேரத்தை, ஆழத்தை அல்ல. தரை எதிரொலிக்கும் அடியடுக்கு எதிரொலிக்கும் இடையே 5 மைக்ரோ வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாறைக்குள் அலை எவ்வளவு வேகம் குறையும் என்று சொல்லும் மின்காப்பு மாறிலி 4 என்றால் ஆழம் 375 மீட்டர். 6 என்றால் 306. 8 என்றால் 265. எந்த எண்ணைப் போடுவது? பாறையின் அடர்த்தி தெரிந்தால்தான் சொல்ல முடியும்; அடர்த்தியைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த வேலையையே தொடங்கினோம்.

இரண்டாவது இன்னும் தொல்லை. 60 மீட்டர் அலையைக் குறுகிய கற்றையாக அனுப்ப அந்த ஆன்டெனாவால் முடியாது. எல்லாப் பக்கமும் விரியும். பக்கவாட்டில் தூரத்தில் இருக்கும் மலைச்சரிவில் பட்டுத் திரும்பும் எதிரொலி, நேர் கீழே 300 மீட்டர் ஆழத்திலிருந்து வரும் எதிரொலி வந்து சேரும் அதே நேரத்தில் வந்து சேரும். திரையில் இரண்டும் ஒரே மாதிரிக் கோடு. எது அடுக்கு, எது மலை என்று பிரிக்க, நிலவின் மேடுபள்ள வரைபடத்தை வைத்துத் தரையிலிருந்து மட்டும் என்னென்ன எதிரொலி வரும் என்று கணினியில் போலியாக உண்டாக்கி, அதைக் கழித்துப் பார்க்கவேண்டும். எங்கள் நான்கு கணினிகளில் அது நடக்காது. நடந்தாலும் மே மாதத்தில் நடக்காது. நல்ல ரேடார் ஆய்வகம் உள்ள இடத்தில், மூன்று நான்கு ஆண்டு ஆய்வுப் பட்டத்துக்கு இது அருமையான தலைப்பு. எங்களுக்கு இல்லை.

பையன் முகம் வாடியது. அவனைத் தேற்ற நான் சொன்ன அடுத்த பெயர் சந்திரயான். உள்ளூர்ப் பெயர் கேட்டதும் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சந்திரயான்-2 சுற்றுகலம் 2019 ஜூலை 22 அன்று ஏவப்பட்டது. விக்ரம் தரையிறங்காமல் போன சோகத்தில் பலரும் மறந்துவிட்ட செய்தி, மேலே சுற்றுகிற கலம் நன்றாகவே வேலை செய்தது என்பது. அதில் அகமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் செய்த படம்பிடிக்கும் ரேடார் ஒன்று இருக்கிறது: 24 செ.மீ., 12 செ.மீ. என்று இரண்டு அலைகள். நிலவைச் சுற்றிய ரேடார்களில் 24 செ.மீ. அலையை முழுத் தளவிளைவோடு, அதாவது அலை அதிரும் திசைகளை எல்லா வகையிலும் பிரித்து, அனுப்பிப் பெற்றது இதுவே முதல். இதற்கு முன்பு 2008-ல் சந்திரயான்-1 எடுத்துப்போன மினி-சார், 2009-ல் போன அமெரிக்க எல்ஆர்ஓ கலத்தின் மினி-ஆர்எஃப் ஆகியவை 12.6 செ.மீ. அலையை வட்டத் தளவிளைவில், அதாவது சுழன்றபடி செல்லுமாறு, அனுப்பி, திரும்புவதை இரு திசைகளில் பிடித்தன. படம் கூர்மையானது, சந்திரயான்-2 ரேடாரின் மிக நுணுக்கமான பிரிதிறன் 2 மீட்டர். தரவு இஸ்ரோவின் பிரதான் தளத்தில் பதிவுசெய்த யாருக்கும் கிடைக்கிறது.

இங்கேதான் நான் சூடுபட்ட கதை வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாணவன் மினி-ஆர்எஃப் தரவை எடுத்தான். சுட்டிப் பையன், நிரல் எழுதுவதில் என்னை மிஞ்சியவன். நிலவில் பனி தேடப்போகிறேன் என்றான். தேடுவதற்கு ஒரு விகிதம் இருக்கிறது. அதை எங்கள் ஊர் சலூனை வைத்து விளக்கலாம். கண்ணாடியில் பார்த்தால் உங்கள் வகிடு பக்கம் மாறித் தெரியும். பின்னால் இன்னொரு கண்ணாடியைப் பிடித்து அதன் வழியாகப் பார்த்தால் மறுபடி சரியான பக்கத்துக்கு வந்துவிடும். வட்டத் தளவிளைவு அலையும் அப்படித்தான். ஒருமுறை மோதித் திரும்பினால் சுழற்சித் திசை மாறும். இருமுறை மோதினால் பழைய திசைக்கு வரும். அனுப்பிய திசையிலேயே திரும்பி வந்த அளவை, எதிர்த் திசையில் வந்த அளவால் வகுத்தால் கிடைப்பது வட்டத் தளவிளைவு விகிதம். சாதாரண நிலவு மண்ணில் இது ஒன்றைவிட நன்றாகக் குறைவு. தூய பனிக்குள் அலை புகுந்து பலமுறை சிதறித் திரும்பினால் ஒன்றைத் தாண்டும்.

ஒன்றைத் தாண்டினால் பனி. எவ்வளவு எளிது! மாணவன் நூற்றுக்கணக்கான கிண்ணக்குழிகளை ஓட்டிப் பார்த்து, ஒன்றில் விகிதம் 1.2 என்று கண்டுபிடித்து, சிவப்பு வண்ணம் அடித்து, "பனிப் படிவு" என்று தலைப்பிட்டு அறிக்கையில் ஒட்டினான். நானும் கையெழுத்துப் போட்டேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் படத்தைச் சிறிதுநேரம் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இந்தக் குழியின் அட்சரேகை என்ன, தம்பி?"

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். நிலவின் நண்பகலில் அங்கே வெயில் 120 டிகிரி செல்சியஸ். பனி இருந்தால் அது அதிசயம் அல்ல, அற்புதம்.

அவன் கண்டது பாறைகள். இளம் கிண்ணக்குழியில் உடைந்து சிதறிய கற்பாளங்களின் மூலைகளில் அலை இருமுறை மோதித் திரும்பும். விகிதம் ஒன்றைத் தாண்டும். பனியும் அதே எண்ணைத் தரும், பாறையும் அதே எண்ணைத் தரும். மாணவன் செய்த தவறு சிறியது. நான் செய்தது பெரியது. தவறு நடந்ததை எங்கள் கையில் இருந்த தரவிலிருந்து எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. வெளியாள் வந்து சொல்லவேண்டியிருந்தது.

இதில் எங்களுக்குப் பெரிய துணை உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. 1994-ல் கிளமென்டைன் கலம் நிலவின் தென்முனையில் பனியின் சாயலைக் கண்டதாகச் சொன்னார்கள். 2006-ல் பூமியிலிருந்து அரெசிபோ ரேடாரால் பார்த்தவர்கள் அடர்ந்த பனிக்குச் சான்றே இல்லை என்றார்கள். அதே போன்ற எதிரொலி வெயில்படும் இடங்களிலும் வருகிறதே என்பது அவர்கள் வாதம். 2010-ல் சந்திரயான்-1 மினி-சார் குழு வடமுனையில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு குழிகளில் குறைந்தது 60 கோடி டன் பனி இருக்கலாம் என்று கணக்கிட்டது. அவர்கள் பார்த்தது, விகிதம் குழிக்குள் மட்டும் உயர்ந்து, வெளியே விளிம்பைச் சுற்றி உயராமல் இருக்கும் குழிகளை. பாறை என்றால் வெளியேயும் சிதறியிருக்கவேண்டும் அல்லவா? நல்ல தர்க்கம், ஆனாலும் வாதம் ஓயவில்லை. இதில் எனக்குப் பிடித்த முரண் கபேயஸ் குழி. 2009 அக்டோபர் 9 அன்று எல்கிராஸ் திட்டம் அங்கே ஒரு ராக்கெட் நிலையை மோதவிட்டது. எழும்பிய புழுதியில் எடைக்கு 5.6 சதவீதம் அளவுக்கு நீர் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். ரேடாரிலோ அந்தக் குழி சாதுவாக, சாதாரண மண் போல இருந்தது. மண்ணோடு மண்ணாகப் பொடிப்பொடியாகக் கலந்த பனியை ரேடார் பிரித்துப் பார்ப்பதில்லை. பனியின் மின்காப்பு மாறிலி 3.15, நிலவு மண்ணுக்கும் ஏறத்தாழ 3. அலைக்கு இரண்டும் ஒன்றுதான்.

சந்திரயான்-2 தரவில் இந்தக் குழப்பம் குறையும். இரண்டு அலைநீளம், முழுத் தளவிளைவு. எந்த வகைச் சிதறல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம். ஆனால் பிரிக்கும் முறைகளே பல இருக்கின்றன; ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடை தரும். அந்தக் கணிதத்தை நன்கு அறிந்த வழிகாட்டி பக்கத்தில் இருந்தால், கணினியும் வலுவாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு இதை எடுங்கள். எனக்கு அந்தக் கணிதம் அரைகுறை. இதைச் சொல்ல வெட்கமில்லை. சொல்லாமல் கையெழுத்துப் போட்டதற்குத்தான் வெட்கம்.

படம்பிடிக்கும் ரேடாரைக் குறைத்துப் பேசுவதாக நினைக்கவேண்டாம். அமைதிக் கடலில் நூறு மீட்டர் அகலத்தில் ஒரு செங்குத்துக் குழி இருக்கிறது. 2010-ல் மினி-ஆர்எஃப் எடுத்த அதன் சாய்வுப் படத்தை, பதினான்கு ஆண்டு கழித்து 2024-ல் இத்தாலியின் டிரென்டோ பல்கலைக்கழகத்தினர் மறுபடி எடுத்து ஆராய்ந்து, குழியின் அடியிலிருந்து ஒரு குகை பக்கவாட்டில் நீள்கிறது என்று காட்டினார்கள். பழைய தரவு, புதிய கண். அடுத்த ஆண்டு வரும் மாணவருக்காக அந்தச் செய்தியை ஆய்வகச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

மூன்றாவது கருவியான கதிர்வீச்சுமானி எதையும் அனுப்புவதில்லை. வெறுமனே கேட்கும்.

கொருக்குப்பேட்டைக்காரிக்கு இதை விளக்க நேரமே ஆகவில்லை. அவள் வீடு தளம் போட்ட ஒற்றை மாடி. சித்திரையில் பகல் முழுதும் வெயில் குடிக்கிற மொட்டைமாடி, சூரியன் இறங்கியபின் மேலே குளிர்ந்துவிடும். கீழே படுத்திருப்பவருக்கு நள்ளிரவில்தான் கூரை உலை போலக் கொதிக்கும். சாயங்காலம் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவது அதனால்தான். வெப்பம் மெதுவாக, அலை போலக் கீழே இறங்குகிறது. இறங்க இறங்கத் தாமதமாகிறது, மெலிகிறது. நிலவின் ஒரு பகலிரவு 29.5 நாள். மேற்பரப்பில் நண்பகலுக்கும் பின்னிரவுக்கும் முந்நூறு டிகிரி வேறுபாடு. அரை மீட்டருக்கும் கீழே போனால் அந்த ஆட்டமே ஏறத்தாழ அடங்கிவிடும். எப்போதும் ஒரே குளிர்.

இளஞ்சூடான எந்தப் பொருளும் நுண்ணலையை மெலிதாக வெளியிடும். 8 மில்லிமீட்டரில் கேட்டால் மேல் சாண் மண்ணின் குரல் கேட்கும். 10 செ.மீ.-ல் கேட்டால் மீட்டர் ஆழத்தின் குரல். நாலு அலைகளில் கேட்டால் நாலு ஆழத்தின் வெப்பம். 2007 அக்டோபரில் போன சீனாவின் சாங்'இ-1 தான் நிலவைச் சுற்றியபடி இப்படிக் கேட்ட முதல் கலம். 2010 அக்டோபரில் சாங்'இ-2. இரண்டிலும் 3, 7.8, 19.35, 37 கிகாஹெர்ட்ஸ் என்று ஒரே நான்கு அலைவரிசைகள்; 3 என்பது அந்த 10 செ.மீ. அலை, 37 என்பது 8 மில்லிமீட்டர்.

குறை என்ன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பார்வை மங்கல். 200 கி.மீ. உயரத்தில் பறந்த சாங்'இ-1-க்கு ஒரு புள்ளி என்பது 35 கி.மீ. அகலம், 3 கிகாஹெர்ட்ஸில் 50. பாதி உயரத்துக்கு இறங்கிய சாங்'இ-2-க்கு 17.5, 25. அதாவது ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரே ஒரு எண். மணலி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் அதற்குள் கரைந்துபோகும். சந்திரயான்-2-இன் 2 மீட்டரைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்த பையன், "இது என்ன மேடம், கண்ணாடி போடாத தாத்தா மாதிரி இருக்கிறதே" என்றான்.

தாத்தா சாதாரணமானவர் அல்லர். நிலவின் மறுபக்கத்தில் காம்ப்டன்–பெல்கோவிச் என்ற இடத்தில், கதிரியக்கத்தால் சூடு தரும் தோரியம் மிகுந்திருப்பது முன்பே தெரியும். 2023-ல் மாத்யூ சீக்லர் தலைமையிலான குழு சாங்'இ-1, 2 தரவுகளை எடுத்துப் பார்த்தது. குறிப்பிடத்தக்க செய்தி, அவர்கள் அமெரிக்காவில் இருந்தவர்கள், தரவு சீனாவுடையது, பொதுத்தளத்தில் எல்லோருக்கும் கிடைப்பது. அந்த இடத்தில் நீண்ட அலையில் சூடு கூடியது. வெளியிலிருந்து வரும் சூடு என்றால் ஆழம் போகப் போக மங்கவேண்டும். இது ஆழத்தில்தான் கூடியது. அடியிலிருந்து வெளியேறும் வெப்பம் உச்சத்தில் சதுர மீட்டருக்கு 180 மில்லிவாட் என்று கணக்கிட்டார்கள். அப்போலோ 15, 17 வீரர்கள் துளையிட்டு அளந்த இடங்களில் அது 21, 16 மட்டும். விளக்கம்: அடியில் ஏறத்தாழ 50 கி.மீ. அகலத்துக்குக் கிரானைட் பாறைத் திரள், குளிர்ந்துபோன பழைய எரிமலை ஒன்றின் வயிறு. பூமியில் கிரானைட் உண்டாகத் தண்ணீரும் நகரும் கண்டத்தட்டுகளும் கைகொடுக்கின்றன. இரண்டும் இல்லாத நிலவில் இது எப்படி என்பது இன்னொரு புதிர். 25 கி.மீ. மங்கல் பார்வைக்குத் தெரிகிற அளவு பெரிய விஷயம் அது. மங்கல் கண்ணுக்குப் பொருத்தமான கேள்வியைக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கதையைச் சொன்னபின் பையன் தாத்தா என்று சொல்வதை நிறுத்தினான்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இதுதான்: தவறாகப் போனால் தவறு என்று எங்களுக்கே தெரியவேண்டும். கதிர்வீச்சுமானித் தரவில் அதற்குப் பிடிகள் உண்டு. நான்கு அலைவரிசைகள் ஒன்றையொன்று சோதிக்கும். பகலில் சொன்னதை இரவு சோதிக்கும். மேற்பரப்பு வெப்பநிலைக்கு எல்ஆர்ஓ கலத்தின் டிவைனர் அகச்சிவப்புக் கருவி எடுத்த அளவுகள் தனியாக இருக்கின்றன. தரையில் ஊன்றி அளந்த எண்கள்கூட உண்டு. அப்போலோ துளைகளோடு, 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3-இன் விக்ரம் இறங்கியதும் சாஸ்தே கருவி பத்து உணரிகளோடு 10 செ.மீ. மண்ணுக்குள் போனது. இஸ்ரோ வெளியிட்ட முதல் வரைபடத்தில் மேற்பரப்பில் ஐம்பது டிகிரிக்கு மேல் வெயில், 8 செ.மீ. கீழே மைனஸ் 10. கொருக்குப்பேட்டைக் கூரையைவிட நிலவு மண் எவ்வளவு நல்ல வெப்பக்காப்பு என்று அந்தப் படம் ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

இன்னொன்று, வேலை மாணவர் கைக்கு அடங்கும். தரவு என்பது அட்டவணை: நேரம், நான்கு வெப்பநிலைகள், தீர்க்கரேகை, அட்சரேகை, சூரியக் கோணம். விரிதாளில்கூடத் திறக்கும். வெப்பம் கீழே இறங்குவதைக் கணக்கிடும் ஒரு பரிமாண நிரலை பைத்தானில் அவர்களே எழுதிவிடலாம்; வெப்பக் கடத்தல் சமன்பாடு இளங்கலை இரண்டாம் ஆண்டுப் பாடம். சந்திரயான்-2 கோப்பு ஒன்றைத் திறந்தாலே எங்கள் கணினிக்கு மூச்சு முட்டுகிறது.

பள்ளமும் உண்டு, மறைக்கக்கூடாது. கதிர்வீச்சுமானி தன்னைச் சரிபார்த்துக்கொள்ள ஒரு ஆன்டெனாவைக் குளிர்ந்த வெற்றுவெளியை நோக்கித் திருப்பிவைத்திருந்தார்கள். நிலவின் வெப்பம் அதிலும் ஓரளவு கசிந்துவிட்டது. அதனால் இரண்டு கலங்களின் வெப்பநிலைகளும் ஒத்துப்போவதில்லை. ஆகவே "இந்த இடம் 231 கெல்வின்" என்று எழுதினால் அடி விழும். "இந்த இடம் அக்கம்பக்கத்தைவிட 6 கெல்வின் குளிர்ந்தது" என்று எழுதினால் பிழைப்போம். கழித்தலில் கசிவின் பெரும்பகுதி அடிபட்டுப்போகும்.

வேறு வாய்ப்புகளும் பேச்சில் வந்தன. நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தரையில் ஓடிய ரேடார்: 2013 டிசம்பரில் சாங்'இ-3 இறக்கிய யூது வண்டி 114 மீட்டர் ஓடி நின்றது, ஒரு மின்சார ரயிலின் நீளம்கூட வராது. 2019 ஜனவரியில் மறுபக்கத்தில் இறங்கிய யூது-2 தொடக்கத்திலேயே 40 மீட்டர் ஆழம் வரை காட்டியது. அருமையான தரவு, ஆனால் ஒரு தெருவைப் படித்து ஊரைப் பற்றிச் சொல்ல முடியாது. பூமியிலிருந்து அரெசிபோ 70 செ.மீ. அலையில் எடுத்த படங்கள் எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தவை. பல மீட்டர் ஆழம் காட்டும். தூசுக்கு அடியில் மறைந்த பழைய எரிமலைச் சமவெளிகளைத் தேடுவோருக்கு நல்ல பொருள். ஆனால் நம் பக்கம் திரும்பிய முகம் மட்டும்தான் தெரியும், முனைகள் ஓரக்கண்ணால் பார்த்தது போலத் தெரியும். அந்த ஆன்டெனாவும் 2020 டிசம்பர் 1 அன்று இடிந்து விழுந்துவிட்டது. இருக்கும் தரவுதான், இனி புதியது வராது.

"அப்படியானால் பனி?" என்று பையன் கடைசியாக ஒருமுறை கேட்டான். முனைகளில் 25 கி.மீ. புள்ளிக்குள் நிழலும் வெயிலும் மலையும் கலந்துவிடும். அங்கே போகவேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

அவர்கள் எடுத்திருப்பது டைக்கோ. சின்ன தொலைநோக்கியிலும் கதிர்க்கோடுகளோடு பளிச்சென்று தெரியும் இளம் கிண்ணக்குழி, குறுக்களவு 85 கி.மீ.; சாங்'இ-2-இன் புள்ளிகள் பல அதற்குள் அடங்கும். 1960-களிலேயே சந்திர கிரகணத்தின்போது அகச்சிவப்பில் பார்த்தவர்கள் டைக்கோ சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதைக் கண்டார்கள். பாறைகள் சூட்டைப் பிடித்துவைக்கின்றன, எங்கள் கூரையைப் போல. ஆனால் சாங்'இ தரவில் நிலவின் இரவில் பார்த்தால் அதே டைக்கோ குளிர்ந்து தெரிகிறது. மேலே சூடு, நுண்ணலையில் குளிர். பாறையின் அளவா, அடர்த்தியா, அலையை விழுங்கும் தன்மையா என்று மூன்றையும் நிரலில் மாற்றிமாற்றிப் போட்டு, நான்கு அலைவரிசைகளும் ஒரே நேரத்தில் எதற்கு இணங்குகின்றன என்று பார்ப்பதுதான் திட்டம்.

பையன் தன் பங்காக 3 கிகாஹெர்ட்ஸை எடுத்துக்கொண்டான். இருப்பதில் அதுதான் ஆழம். அவள் 37-ஐ எடுத்துக்கொண்டாள். டிவைனரோடு ஒப்பிட வசதி, முதலில் முடியும். நடுவில் இருக்கும் இரண்டையும் யார் ஓட்டுவது என்பதில் இன்னும் சண்டை நடக்கிறது. காலை எட்டரைக்கு ஆய்வகத்தைத் திறந்துவைக்கச் சொல்லியிருக்கிறார்கள், தரவிறக்கம் தொடங்கவேண்டும்.